பால்மரக் காட்டுப் பேயும் பதின்மூன்று வயது வாசகரும்

(‘பேய்க்கதையும் மாயக்கதையும் இளையோரைக் கெடுக்கின்றனவா, படிக்க வைக்கின்றனவா?’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘படிக்க வைக்கின்றன’ என்ற அணியில் பந்திங்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்பு பேசிய நண்பர், “இருட்டைக் கண்டாலே நடுங்குகிற பிள்ளையின் கையில் பேய்க்கதையைக் கொடுக்கலாமா? நாட்டில் இருக்கிற மூடநம்பிக்கை போதாதா?” என்று கேட்டார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நானும் அவருக்குக் கைதட்டினேன். ஏனென்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் நானும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். எப்போது, எதனால் மாறினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் பழைய கதை.

பேய்க்கதை நேற்று வந்த மலிவுச் சரக்கு என்று நினைக்கிறோம். மணிமேகலையைப் பாருங்கள். சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிச் சொல்லும் காதையில் சார்ங்கலன் என்ற இளைஞன் வருகிறான். தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் போகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஒரு பேய் ஆடுவதைப் பார்க்கிறான். அலறியடித்து வீட்டுக்கு ஓடி வந்து, தாய் கோதமையிடம் விஷயத்தைச் சொல்லி, பயத்திலேயே உயிரை விடுகிறான். கண் தெரியாத கணவனோடு தவிக்கிற அந்தத் தாய், பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு போய் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். தெய்வம் என்ன சொல்கிறது தெரியுமா? அணங்கும் பேயும் யார் உயிரையும் உண்பதில்லை, அவன் வினையால்தான் அவன் உயிர் போயிற்று என்கிறது. பேயைக் காட்டி நம்மை நடுங்க வைத்த அதே கதைதான், பேயைப் பழி சொல்லாதே என்றும் சொல்கிறது. காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன. இவற்றைப் பல்கலைக்கழகத்தில் படித்தால் இலக்கியம். அதே பேயை ஒரு பையன் முடிதிருத்தும் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் உருப்படமாட்டான் என்கிறோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நான் பந்திங்காரி. பந்திங் என்றால் மோரிப் கடற்கரைக்குப் போகிற வழி என்றுதான் கோலாலம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். வழியில் வடை சாப்பிட நிறுத்துவார்கள். ஆனால் உலகத்தில் மலாய்ப் பேய்களைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் முதலில் புரட்டுகிற புத்தகத்தின் பெரும்பகுதி எங்கள் கோல லங்காட் மாவட்டத்திலிருந்து போனது. இது எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது.

வால்டர் வில்லியம் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் 1891-இல் சிலாங்கூர் அரசுப் பணியில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர். தந்தையார் பெயரும் அதே பெயர்தான், அவர் பெரிய மொழியறிஞர். மகன் எங்கள் மாவட்டத்தில் அதிகாரியாக இருந்தார். அப்போது மாவட்டத்தின் தலைமையிடம் பந்திங் அல்ல, ஜுக்ரா. மற்ற அதிகாரிகள் வரிக்கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, இவர் கிராமத்து பாவாங்குகளையும் பொமோக்களையும் உட்கார வைத்து, நெல் விதைக்கும்போது என்ன சொல்வீர்கள், முதலை பிடிக்கப் போகும்போது என்ன மந்திரம், பிள்ளை பெற்ற வீட்டை எந்தப் பேய் சுற்றும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அது 1900-ஆம் ஆண்டு லண்டனில் ‘மலாய் மேஜிக்’ என்ற பெரிய நூலாக வந்தது. பொந்தியானாக், லங்சுயர், பெனாங்காலான், போலோங், பெலேசிட் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. அடுத்த ஆண்டே சிறுவர்கள் படிக்கும்படி சாங் கஞ்சில் முதலிய கதைகளைத் திரட்டி இன்னொரு புத்தகமும் போட்டார். ஒரே மனிதர், ஒரே ஊர்க் கதைகள். ஒன்று அறிஞர்களுக்கு, மற்றது பிள்ளைகளுக்கு. அவருக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை.

ஸ்கீட்டுக்கு முன்பே மலாக்கா முன்ஷி அப்துல்லா இந்தப் பேய்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழ் வழியும் அரபு வழியும் கலந்த குடும்பத்தில் பிறந்தவர், சிறுவயதில் தமிழ் கற்றவர். அவருக்குப் பேய் நம்பிக்கையில் மதிப்புக் கிடையாது. இருந்தும் விவரமாக எழுதி வைத்தார். நம்பாதவரும் எழுதலாம், நம்பாதவரும் படிக்கலாம் என்பதற்கு நம் நாட்டில் அவரே நல்ல சாட்சி.

இந்தப் பேய்களில் லங்சுயரை மட்டும் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரசவத்தில் இறந்த பெண்தான் லங்சுயர் ஆகிறாள். நீண்ட கூந்தல், பிடரியில் ஒரு துளை. அவளைப் பிடித்து, கூந்தலையும் நகத்தையும் வெட்டி அந்தத் துளையில் அடைத்துவிட்டால் அடங்கி, சாதாரணப் பெண்ணாக, மனைவியாக, தாயாக வாழ்வாளாம். என்றைக்காவது ஊர் விழாவில் அவளை ஆட விட்டால் பழைய உருவம் திரும்பி, காட்டுக்குப் பறந்துவிடுவாளாம். இதை ஸ்கீட் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் இதை நான் தமிழில் கேட்டு வளர்ந்தவள். தலையில் ஆணி அடித்து மோகினியை வீட்டு வேலைக்கு வைத்த கதை, பேன் பார்க்கும்போது பிள்ளை அந்த ஆணியைப் பிடுங்கிவிட்ட கதை. எங்கள் தோட்டத்துக் கிழவிகள் அதைச் சொல்லும்போது ‘நம்ம பக்கத்துல’ என்பார்கள். நம்ம பக்கம் என்பது சேலமா, பந்திங்கா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கப்பலில் வந்த பேயும் கம்பத்துப் பேயும் பால்மரக் காட்டில் சந்தித்து உறவாகிவிட்டன.

அந்த உறவு திரைப்படம் வரை போயிற்று. 1957-இல், மலாயா சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில், சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனம் எடுத்த ‘பொந்தியானாக்’ படம் வெளிவந்தது. மரியா மெனாடோ நடித்தார். கூட்டம் அலைமோதியது, தொடர்ச்சியாக மேலும் படங்கள் வந்தன. இயக்கியவர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர், அதற்கு முன் தமிழ்ப் படங்கள் இயக்கியவர். மலாய்த் திரையின் புகழ்பெற்ற பேயை நடமாட வைத்தவர் நம் பக்கத்து ஆள். அந்த முதல் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை என்பதுதான் துயரம்.

இனி என் கதை. நான் 1960களில் தோட்டத்துப் பள்ளியில் படித்தேன். விடியற்காலை பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள், அம்மா பால்வெட்டுக்குப் போய்விடுவார். லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களிடம் இருந்தவை பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும், நல்லதங்காள் கதையும், அட்டை கிழிந்த அம்புலிமாமாக்களும். அம்புலிமாமா 1947 ஜூலையில் சென்னையில் பிறந்தது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கியது. தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே வந்தது. எங்கள் கைக்கு வரும்போது எத்தனை மாதம் பழசு என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது பள்ளி. வேகமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தது வேதாளம். பக்கத்து வீட்டு அக்கா புத்தகத்தைத் திரும்பக் கேட்பதற்குள் முடிக்க வேண்டுமே!

சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறக்க முடியுமா? ஒரு கையில் உருவிய வாள், தோளில் வெள்ளைப் பிணம், சுற்றிலும் மண்டையோடு. சங்கர் 2020-இல் தம் தொண்ணூறுகளில் மறைந்தார். பல பத்தாண்டுகள் வரைந்த கை. வேதாளக் கதைகள் பழைய கணக்குப்படி இருபத்தைந்து. காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரத்தில் இருக்கின்றன. ரிச்சர்ட் பர்ட்டன் அவற்றில் சிலவற்றை 1870-இல் ஆங்கிலத்தில் எழுதி, வேதாளத்தை ‘வேம்பயர்’ ஆக்கினார். அம்புலிமாமாக்காரர்கள் பழைய கதைகள் தீர்ந்த பின்பும் நிறுத்தவில்லை. அதே சுடுகாடு, அதே முருங்கை மரம், புதுப்புதுக் கதை என்று ஓட்டினார்கள்.

வேதாளம் சொல்கிற கதைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கதை முடிந்ததும் கேள்வி வரும். மூவரில் யார் செய்தது சரி? யார் உண்மையில் தியாகி? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். ராஜா வாயைத் திறந்து தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் வேதாளம் மறுபடி மரம் ஏறும், அடுத்த கதை வரும். நாங்கள் பிள்ளைகள், அடுத்த பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு சண்டை போடுவோம். “ராஜா சொன்னது தப்பு” என்று என் தம்பி ஒருநாள் அழுதே விட்டான். இன்றைக்குப் பெரியவர்கள் விமர்சனம் என்று சொல்கிறார்களே, அதை நாங்கள் லயத்துத் திண்ணையில் எட்டு வயதில் செய்துகொண்டிருந்தோம். கதையும் வேண்டும், அதைப் பற்றிய தீர்ப்பும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அடுத்த கதை. இதில் ஒரு பாதியை நாம் இந்த நாட்டில் தொலைத்துவிட்டோம் என்பதுதான் இன்றைக்கு என் வாதம்.

தொலைத்தோம் என்றால், இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. தமிழ் முரசில் கோ. சாரங்கபாணி 1950களின் தொடக்கத்தில் மாணவர் மணிமன்றத்தை நடத்தினார். பிள்ளைகள் எழுதினார்கள், தங்கள் பெயரை அச்சில் பார்த்தார்கள். பின்னாளில் நம் எழுத்தாளர்களானவர்களில் பலர் அதில் வளர்ந்தவர்கள். தமிழ் நேசன் 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற நாளிதழ். அதில் 1950-51-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எப்படி எழுதுவது, எங்கே பிசகுகிறது என்று பாடம் எடுத்தார்கள். பிறகு தமிழகத்திலிருந்து கு. அழகிரிசாமி வந்து நேசனுக்கு ஆசிரியரானார். அவர் இங்கே இருந்த காலத்தில் இலக்கிய வட்டம் அமைத்து, நம் ஆட்களின் சிறுகதைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசினார். மலேசியத் தமிழ்ச் சிறுகதை எழுந்து நின்றது அந்த ஆண்டுகளில்தான் என்று இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். ஒரு கதையைப் படித்துவிட்டு நல்லது கெட்டது பேச நாலு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் அந்தக் கண் எதன் மேல் விழுந்தது? தோட்டத்து வறுமை, குடி, காதல், சீர்திருத்தம் ஆகியவற்றின் மேல் விழுந்தது. அது தேவைப்பட்ட காலம், மறுக்கவில்லை. சுயமரியாதைக் காற்று வீசிய நேரம். தோட்டத்தில் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குப் போகாமல் பூசாரியிடம் போனவர்கள் இருந்தார்கள். பேய் என்ற சொல்லையே ஒழிக்க வேண்டும் என்று அன்றைய பெரியவர்கள் நினைத்ததில் நியாயம் உண்டு. அதனால் மாயக்கதை, பேய்க்கதை எல்லாம் வாசலுக்கு வெளியே நின்றன. யாரும் அவற்றை மதிப்பிடவில்லை. கூடாது என்றார்கள், அல்லது கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் தமிழ்ச் சிறுகதையின் உச்சியில் வைக்கப்படும் புதுமைப்பித்தனே 1943-இல் ‘காஞ்சனை’ எழுதியிருந்தார்!

கூடாது என்றதால் நின்றுவிட்டதா? 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவார். பேய்க்கதைக்கென்றே பெயர் வாங்கிய பி. டி. சாமியின் நாவல்கள் அஞ்சடிக் கடைகளில் கொடியில் தொங்கின. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ தொடராக வந்தபோது, அது பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மோதினார்கள். வாசகர்களும் இரண்டு கட்சியானார்கள். பிறகு இந்திரா சௌந்தர்ராஜன். ‘விடாது கருப்பு’ சின்னத்திரையில் வந்தபோது குதிரைக் குளம்புச் சத்தத்துக்குப் பயந்தவர்கள், அவர் புத்தகங்களைத் தேடிப் போனார்கள். அவரும் 2024 நவம்பரில் மறைந்துவிட்டார். பந்திங்கில் தமிழ்ப் புத்தகம் வாங்க அன்றைக்குப் பெரிய கடை ஏது? கிள்ளானுக்கோ கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவுக்கோ போகிறவர்கள் வாங்கி வர வேண்டும். ஒரு புத்தகம் இருபது வீடு சுற்றும். கடைசி வீட்டுக்கு வரும்போது கடைசிப் பக்கம் இருக்காது. கொலைகாரன் யார் என்று தெரியாமலே நான் படித்து முடித்த நாவல்கள் ஏழெட்டு இருக்கும்.

இப்போது, நான் மாறிய கதை. என் சிறுவயதில் ஒரு ஆசிரியர் என் அம்புலிமாமாவைப் பிடுங்கி, வகுப்பு முன்னால் கிழித்தார். அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. நினைவிருந்தும் என்ன பயன்? 1990களில் ஒருநாள், நானே ஆசிரியை. ஆறாம் ஆண்டு வகுப்பு, தேர்வுக்கு இரண்டு மாதம். கடைசி வரிசைப் பையன் மேசைக்கடியில் ஒரு பேய் நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். கிழிக்கவில்லை, பறித்து அலமாரியில் பூட்டினேன். ‘தேர்வு முடிந்து வாங்கிக்கொள்’ என்றேன். அவன் வாங்கவே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து பந்திங் சந்தையில் பார்த்தேன், நல்ல வேலையில் இருக்கிறான், மரியாதையாகப் பேசினான். இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். “தமிழ்ல படிக்கிறத அதோட விட்டுட்டேன் டீச்சர்” என்றான், சிரித்துக்கொண்டே. அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பையனை நினைத்துத்தான் ‘பதின்மூன்று வயது’ என்று சொல்கிறேன். நம் நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை எல்லாம் தொடக்கப்பள்ளிகள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளை மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டும், அதுவும் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் என்று சட்டம் சொல்கிறது. பன்னிரண்டு வயது வரை தமிழில் பெரும்பாலான பாடங்களைப் படித்த பிள்ளைக்கு, பதின்மூன்றில் தமிழில் படிக்க எதைக் கொடுக்கிறோம்? நீதிக்கதைக்கு வயது கடந்துவிட்டது. பெரியவர்கள் நாவலுக்கு வயது வரவில்லை. நடுவில் ஒரு பாலம் வேண்டும். பயமும், காதல் அரும்புவதும், அப்பா அம்மாவுக்குத் தெரியாத ரகசியமும் இருக்கிற கதைதான் அந்த வயதுக்குப் பிடிக்கும். அந்தக் கதையைத்தான் நான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மற்ற மொழிக்காரர்கள் அந்தப் பாலத்தைக் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் எஸ். இ. ஹிண்டன் என்ற பெண் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதிய நாவல் 1967-இல் வெளிவந்தது. இளையோர் நாவல் என்று ஒரு தனி வகை நிலைபெற அது பெரிய காரணம். 1997-இல் ஹாரி பாட்டர். மந்திரம் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் என்று அங்கேயும் எதிர்த்தார்கள். 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களில் அதிகம் எதிர்ப்புக்குள்ளான புத்தகம் அதுதான் என்று அந்நாட்டு நூலகச் சங்கம் கணக்கு வைத்திருக்கிறது. எதிரணி நண்பருக்கு அங்கே நிறையக் கூட்டாளிகள் உண்டு! ஆனால் அதே புத்தகத்தால் நியூயார்க் டைம்ஸ் 2000-இல் சிறுவர் நூல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே போட வேண்டியதாயிற்று.

தூரம் போவானேன்? மலாயில் தாமார் ஜாலிஸ் எழுதிய ஜின் கதைத் தொடரை அண்டை வீட்டார் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் ரசல் லீயின் பேய்க்கதைத் தொகுதிகள் 1989-இல் தொடங்கி வந்துகொண்டே இருந்தன. பள்ளிப் பைகளில் ஆங்கிலத்தைக் கொண்டு சேர்த்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 2020-இல் நம் நாட்டு ஹன்னா அல்காஃப் ‘தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். சுராயா என்ற சிறுமிக்குப் பாட்டியிடமிருந்து வந்து சேர்கிற பெலேசிட் பேய்தான் கதை. எங்கள் மாவட்ட அதிகாரி 1900-இல் அச்சிட்டாரே, அதே பெலேசிட். உலகம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில்.

தமிழில் யாரும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நம் கே. பாலமுருகன், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ என்று சிறுவர்களுக்கே மர்ம நாவல் எழுதினார். பிள்ளைகள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் நாவல் ஒன்று வந்தால் வெளியீட்டு விழா, பொன்னாடை, பத்து மதிப்புரை. பிள்ளைகள் நாவல் வந்தால் ‘நல்ல முயற்சி’ என்று இரண்டு வரி. அதை எழுதுகிறவர் படித்தாரா என்பதே சந்தேகம்.

எதிரணி நண்பர் சொன்னதில் ஒன்றை முழுமனதாக ஏற்கிறேன். பேய்க்கதை என்ற பெயரில் வருவதில் பாதி குப்பை. பெண்ணைக் கேவலப்படுத்துவது, இரத்தத்தை வாளி வாளியாக ஊற்றுவது, கடைசியில் ‘எல்லாம் கனவு’ என்று ஏமாற்றுவது. அதற்கு மருந்து பூட்டு இல்லை. எது குப்பை என்று பிள்ளைக்கே சொல்லத் தெரிய வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் வீட்டு முன்கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகிறோம். எல்லாரும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள். மைலோவும் கறிபாப்பும் உண்டு, அதற்காக வருகிறவர்களும் உண்டு. ஒரு தடித்த கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். படித்த கதையைப் பற்றி ஆளுக்கு அரைப் பக்கம் அதில் எழுத வேண்டும். விதி ஒன்றுதான்: ‘அருமை’ என்ற சொல் கூடாது. தமிழ் பிழையாக இருந்தால் இருக்கட்டும், மலாய்ச் சொல் கலந்தால் கலக்கட்டும். ‘பேய் வரும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, அப்புறம் எதற்கு நூறு பக்கம்?’ என்று ஒரு பையன் எழுதினான். இன்னொருவன், ‘வில்லனுக்குக் காரணமே இல்லை, என் மாமா மாதிரி’ என்று எழுதினான். மாமா யார் என்று நான் விசாரிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, படிவம் இரண்டு, ஒரு பழைய பேய் நாவலைப் படித்துவிட்டு வந்தாள். பிரசவத்தில் செத்த பெண் பேயாகி ஊரைப் பழிவாங்கும் வழக்கமான கதைதான். அவள் கேட்டாள்: “டீச்சர், லங்சுயரும் பிரசவத்துல செத்தவ, பொந்தியானாக்கும் பிரசவத்தோட சேர்ந்தவ, இவளும் அப்படித்தான். ஏன் எல்லாரும் இப்படியே சாகுறாங்க?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பாட்டியிடம் கேட்டுப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

பாட்டி கேரித்தீவில் பால்வெட்டியவர். பேத்தி கேட்டதும் முதலில் அதட்டியிருக்கிறார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, கேட்காமலே சொன்னாராம். அவருக்கு ஓர் அக்கா இருந்தார். மழைக்காலம், இரவு வலி எடுத்தது. ஆற்றைக் கடந்து மருத்துவமனைக்குப் போகப் படகு கிடைக்கவில்லை. விடிவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த லயத்தில் இராத்திரி அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள், அங்கே ‘அது’ நிற்கிறது என்பார்கள். அக்கா பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று ஆகிவிட்டது. அறுபது ஆண்டுகளாகப் பாட்டி சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதே பேத்தியின் அப்பாவுக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் கணக்குப் புத்தகத்தில் தன் அரைப் பக்கத்தை எழுதினாள். இந்த அரங்கில் படிக்கலாமா என்று கேட்டு, அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன். அவள் எழுதியது இவ்வளவுதான்: ‘கதை பரவாயில்லை. பயம் வந்தது. ஆனால் இதை எழுதியவர் அந்தப் பேய்க்குப் பெயரே வைக்கவில்லை. அவள் செத்தது எப்படி என்று இரண்டு வரிதான், அவள் மிரட்டுவது எண்பது பக்கம். பத்துக்கு நான்கு மதிப்பெண். என் பாட்டியின் அக்கா பெயர் எனக்கு இப்போது தெரியும்.’